உபதேசியாரின் வரம்

அண்மையில் செபக்கூட்டம் ஒன்றிற்குச் சென்று திரும்பிய மீனவ இளைஞர் ஒருவர் வாடிய முகத்துடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். “சாமி, எல்லாருக்கும் ஏதோ ஒரு வரம் இருக்குது. எனக்கு மட்டும் ஒண்ணுமில்லை” என்றார். அவர் கையில் ஒரு வினாத்தாள் இருந்தது. மதிப்பெண் இட்டுக் கூட்டினால் தமக்குரிய வரம் எதுவெனத் தெரிந்துவிடுமாம். கூட்டிப் பார்த்ததில் அவர் எதிலும் தேறவில்லை!

எங்கள் ஊர்ப் படகொன்றை இலங்கைக் கடற்படையினர் பிடித்துச் சென்றபோது, கதறி நின்ற குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, மீன்வளத்துறை அலுவலகத்திற்கும் இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்திற்கும் தம் செலவில் அழைத்துச் சென்றவர் இதே இளைஞர்தாம். அந்தத் தாளில் இதற்கு மதிப்பெண் இல்லை.

தூய ஆவியாரின் கொடைகளை நாம் எவ்வளவு சுருக்கிவிட்டோம்! பரவசப் பேச்சு, இறைவாக்கு, குணமளித்தல் ஆகிய மூன்றும் மேடையில் ஒலிபெருக்கியின் முன் நிகழ்ந்தால்தான் வரம் என்று எண்ணுகிறோம். கொரிந்து நகரச் சபையையும் இதே நோய் பற்றியிருந்தது. அதற்கு மருந்தாகவே புனித பவுலடியார் தம் முதல் திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தை எழுதினார். குணமளிக்கும் வரத்திற்கும் பரவசப் பேச்சிற்கும் இடையே, துணைநிற்கும் வரத்தையும் தலைமையேற்று நடத்தும் வரத்தையும் அவர் வைத்திருக்கிறார். நாமோ அவ்விரண்டையும் தாண்டிக் குதித்து வாசிக்கிறோம். கொடைகள் பொதுநன்மைக்காகவே தரப்படுகின்றன என்ற அவருடைய அளவுகோலையும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

நம் மண்ணின் வரலாற்றையே பார்ப்போம். மறவ நாட்டின் தடியத்தேவர் கடும் நோயுற்றபோது கிறிஸ்தவர்களின் உதவியை நாடினார். புனித அருளானந்தர் தாம் செல்லாமல் உபதேசியார் ஒருவரை அனுப்பினார். அவர் நோயாளியின் அருகில் நின்று விசுவாசப் பிரமாணத்தையும் நற்செய்தியையும் வாசித்துச் செபித்தார், தேவர் நலமடைந்தார். 1693 சனவரியில் அவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அதிலிருந்து மூண்ட சினமே 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலையை வாங்கியது.

குணமளிக்கும் கொடை அன்று குருவானவரின் கைவழியாக வெளிப்படவில்லை. பொதுநிலையினர் ஒருவரின் வாய்வழியாக வெளிப்பட்டது. அவர் அதனை எந்த முகாமிலும் தேடிக் கண்டடையவில்லை. நோயாளி ஒருவரின் வீட்டிற்கு அனுப்பப்பட்டார், சென்றார். அங்கே கொடை தெரிந்தது. அவரை நம்பி அனுப்பினாரே, அதுவே அருளானந்தரின் பெருமை.

இன்றைய பங்குகளில் நாம் அவ்வாறு அனுப்புகிறோமா? ஊர் ஊராக விசுவாசத்தைக் காத்த உபதேசியார் மணியடிப்பவராகவும் வரி வசூலிப்பவராகவும் சுருங்கிப்போனார். 2021 மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியைப் பொதுநிலையினருக்கான திருப்பணியாக முறைப்படி ஏற்படுத்தினார். அந்த ஆவணத்தை எத்தனை பங்குகளில் வாசித்தோம்? குருக்களாகிய எங்களைக் குற்றஞ்சாட்டும்போது என்னை விலக்கிக்கொள்ள மாட்டேன். மறைக்கல்வியைத் தெளிவாக எடுத்துரைக்கவல்ல பெண்மணி ஒருவரை ஆண்டுக்கணக்கில் பீடத்துணி துவைக்க மட்டுமே பயன்படுத்தியவன் நான். வரங்கள் இல்லையென்று புலம்பினேன், புதைத்தவனே நான்தான்.

“அப்படியானால் அசாதாரண வரங்கள் பொய்யா?” என்று சிலர் சினப்பர். இல்லை. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கோட்பாட்டின் 12ஆம் எண்ணில் இரு பக்கத்தாரையும் எச்சரித்துள்ளது. அத்தகைய வரங்களை அவசரப்பட்டு நாடலாகாது என்பது மேடைகளுக்கு. வரங்களைத் தேர்ந்து தெளியும் பொறுப்பு மேய்ப்பர்களுடையது. ஆயினும் ஆவியாரின் அனலை அவர்கள் அணைத்துவிடலாகாது என்பது எங்களுக்கு.

அன்பார்ந்தவர்களே, உங்கள் வரத்தை அறிய விரும்பினால் இரண்டே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். யாருடைய துன்பத்தைக் கண்டால் என்னால் வாளாவிருக்க முடிவதில்லை? இடர் வந்தால் ஊரார் எதற்காக என்னைத் தேடி வருகின்றனர்? பாசி எடுக்கச் செல்லும் பெண்களுள், எல்லாரும் கரையேறினார்களா என்று தலையெண்ணிப் பார்த்த பின்பே வீடு திரும்பும் ஒருவர் இருப்பார். பங்குத்தொகைச் சண்டையைக் கைகலப்பாகாமல் தீர்த்து வைக்கும் முதியவர் ஒருவர் இருப்பார். இவர்களை நம் அன்பியங்கள் பெயர் சொல்லி அழைத்துப் பொறுப்புக் கொடுக்கட்டும்.

அந்த இளைஞரின் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். சிறைப்பட்ட மீனவர் குடும்பங்களுக்கான பணியைப் பங்குப் பேரவையின் பெயரால் அவரிடமே ஒப்படைத்துள்ளேன். அடுத்த முறை ஓரியூர் சென்று செம்மண்ணை நெற்றியில் இடும்போது, அருளானந்தரோடு அவர் அனுப்பிய உபதேசியாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.