ஆட்காட்டி கத்தினால் போதும்

கண்ணில் படாத கொலைகாரனுக்குத்தான் மனிதர் கூடுதலாகப் பயப்படுவர். அமெரிக்காவின் ‘சஸ்பென்ஸ்’ வானொலித் தொடர் 1942 முதல் 1962 வரை ஓடியது இந்தப் பயத்தை நம்பித்தான். 1943 மே மாதம் அதில் ஒலிபரப்பான ‘சாரி, ராங் நம்பர்’ நாடகத்தை லூசில் பிளெட்சர் எழுதினார். அக்னஸ் மூர்ஹெட் நடித்தார். படுக்கையை விட்டு எழும்ப ஏலாத ஒரு பெண். தொலைபேசி இணைப்பு மாறி விழுந்ததில், இரண்டு ஆண்கள் ஒரு கொலைக்கு நேரம் குறிப்பது அவள் காதில் படுகிறது. பாலத்தில் ரயில் போகும்போது காரியத்தை முடித்தால் அலறல் வெளியே கேட்காது என்பது அவர்கள் கணக்கு. அதன்பிறகு கேட்பவருக்கு வேறு வேலை இல்லை. அந்த ரயில் எப்போது வரும் என்று காதைக் கொடுத்தபடி இருக்க வேண்டியதுதான்.

இலங்கை வானொலியிலும் நாடகத்துக்குக் குறைவிருக்கவில்லை. சானாவின் ‘லண்டன் கந்தையா’, இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’, 1976இல் ‘கோமாளிகள்’ என்று திரைக்கும் போன ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்று பெரியவர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைப்பவை பல. ஆனால் அவை சிரிப்பும் ஊர்ப்பேச்சும் குடும்பமும். மர்ம நாடகம் அந்த அளவுக்கு நம்மிடம் வேர்பிடிக்கவில்லை. அதை இனியாவது எழுத வேண்டியவர்கள் வன்னியில்தான் இருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

வன்னியைப் போல் காதால் உயிர் பிழைத்த நிலம் அரிது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பொருள். சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்து போகும். சுற்றியிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சச் சொல்லைப் பொறுக்கினார்கள். இறுதிப் போர்க்காலத்தில், தூரத்தில் செல் குத்துகிற (ஏவுகிற) சத்தம் கேட்டவுடனேயே அது எந்தப் பக்கம் விழும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்று பெயர் வைத்ததே அதன் இரைச்சலைக் கேட்டுத்தான்.

இவ்வளவு பட்ட சனத்துக்கு இன்னும் திகில் எதற்கு? நியாயமான கேள்வி. செல் சத்தத்தையும் விமான இரைச்சலையும் ஒலித்தட்டில் போட்டு விற்கிற நாடகம் வேண்டவே வேண்டாம்; அது கொடுமை. மர்மத்துக்கு அவை தேவையும் இல்லை. நள்ளிரவில் குளக்கட்டுப் பக்கம் ஆட்காட்டிக் குருவி கத்தட்டும், படலை ஒருமுறை கிறீச்சிடட்டும், குரைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று ஓயட்டும். ஆள் நடமாட்டம் என்று ஊருக்கே விளங்கிவிடும்.

குற்றக் கதை இங்கே புதிதும் அல்ல. முல்லைத்தீவின் கோவலன் கூத்தைத் தலைமுறை தலைமுறையாக இரவிரவாக இருந்து பார்த்த சனம் இது. வற்றாப்பளையில் கண்ணகி அம்மனுக்குப் பொங்குகிற சனம் இது. களவெடுத்தவன் தட்டான், பழி கோவலன் தலையில், விசாரணை இல்லாமலே தண்டனை. பிறகு ஒரு பெண் சான்றுப் பொருளோடு அரசவைக்குள் நுழைகிறாள். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறிக்கிறது. எந்தத் துப்பறியும் தொடரில் இதைவிட வலுவான கடைசிக் காட்சி உண்டு?

துப்பறியும் நாடகம் கேட்பவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது: நேரம் முடிவதற்குள் உண்மை தெரியும். நிஜத்தில் அப்படி இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலில் போராட்டம் தொடங்கினார்கள். பிள்ளையை என் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்தேன், எங்கே என்று அங்கே தாய்மார் கேட்டார்கள். அந்த வாக்கை நிறைவேற்ற எவரும் வரவில்லை. இதை உணர்ந்த ஒருவர் எழுதினால், சாட்சி சொல்லும் ஒருவரை இடைமறிக்காமல் கேட்கிற அரைமணி நேரம் நமக்குக் கிடைக்கும். துப்பறிபவர் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை. கிராம அலுவலரோ, ஓய்வுபெற்ற தபால்காரரோ போதும். எந்த வீட்டில் எவர் இருந்தார் என்று அறிந்தவர்கள் அவர்கள்தானே.

செலவும் பெரிதில்லை. நாலைந்து குரல்கள், எதிரொலிக்காத ஓர் அறை, நல்ல மைக் ஒன்று. அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஆண்டுதோறும் நாடகம் பழகுகிற வன்னிப் பிள்ளைகளிடம் குரல் இருக்கிறது. அரச வானொலி இரவு எட்டரைக்கு வாரத்தில் ஒரு நாள், சினிமாப் பாட்டு இரண்டைக் குறைத்து, அவர்களுக்கு இடம் கொடுக்கட்டும்.