கல்லாப்பெட்டியில் இருக்கும் ஆயுதம்!

  

"ஹஜ்ரத், கீழ்பென்னாத்தூர் கடைவீதியில் நான் நாலு கேஸ் குளிர்பானம் இறக்காவிட்டால் இஸ்ரேலுக்கு என்ன வலிக்கப் போகிறது?" ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் இந்தக் கேள்விதான். கேட்பவர் கேலி செய்யவில்லை, கணக்குப் பார்க்கிறார். கணக்காகவே பதில் சொல்வோம்.

வெல்லா பிள்ளை என்ற பெயரைக் கேள்விப்பட்டதுண்டா? தமிழ் வழிவந்தவர். 1923-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர். பொருளாதார நிபுணர். மனைவி வெள்ளையர். கலப்புத் திருமணத்தை 1949-ல் நிறவெறி அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. தம்பதியர் லண்டனில் தங்கினர். அங்கே சீன வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே 1959-ல் தென்னாப்பிரிக்கச் சரக்குப் புறக்கணிப்பு இயக்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். அப்போது எதைப் புறக்கணித்தார்கள் தெரியுமா? பழம், சிகரெட்! உங்கள் நாலு கேஸைப் போலத்தான்!

உடனே பலித்ததா? இல்லை. 1960-ல் ஷார்ப்வில்லில் 69 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1969-ல் கேப்டவுன் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் காவலிலேயே ஷஹீதானார். படியில் விழுந்தார் என்று கதை கட்டினார்கள். சித்திரவதையால்தான் இறந்தார் என்று நீதிமன்றம் சொல்ல 2023 ஆனது! நிறவெறிக்கு முட்டுக்கொடுத்தவர்கள் யார்? மனித உரிமை பேசும் அதே பிரிட்டனும் அமெரிக்காவும்தான். பொருளாதாரத் தடையால் பயனில்லை என்று தாட்சர் வாதாடினார். தடைச் சட்டத்தை ரீகன் வீட்டோ செய்தார். அந்த வீட்டோவை மீறி 1986-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு பார்க்ளேஸ் வங்கி தென்னாப்பிரிக்காவை விட்டு மூட்டை கட்டியது. சிகரெட்டில் தொடங்கி வங்கியில் முடிய 27 வருடம்! நாமோ 27 நாளில் சலித்துப் போகிறோம்.

இது நமக்குப் புதிதா? யமாமாவின் தலைவர் துமாமா (ரலி) இஸ்லாத்தை ஏற்று மக்காவுக்குப் போனபோது குறைஷிகள் குத்திப் பேசினார்கள். நபி (ஸல்) அனுமதிக்கும்வரை யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணியும் வராது என்றார். வரவில்லை. மக்கா பசித்தது. குறைஷிகள் மன்றாடியதும் நபி (ஸல்) அவர்களே தானியத்தைத் திறந்துவிடச் சொன்னார்கள். நிறுத்தவும் தெரிய வேண்டும், திறக்கவும் தெரிய வேண்டும். எதிர்ப்பு அநீதிக்கு உதவும் நிறுவனத்தோடுதான். பக்கத்துக் கடைக்காரரோடு அல்ல.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வருத்தம் (எங்கள் மீதும்தான்). பிள்ளை கோஷம் மட்டும் போடவில்லை. விடுதலை நெருங்கியதும் புதிய தென்னாப்பிரிக்காவுக்கான பொருளாதாரத் திட்டக் குழுவை வழிநடத்தினார். 1993-ல் அறிக்கை வந்தது. சொந்தக் கட்சித் தலைமையே அதைக் கிடப்பில் போட்டது! கறுப்பர் கைக்கு ஓட்டு வந்தது. நிலமும் சுரங்கமும் பெரும்பாலும் பழைய கைகளிலேயே நின்றன. நம் மேடைகளில் உணர்ச்சிக்குப் பஞ்சமில்லை. பட்ஜெட்டைப் படித்துச் சொல்ல ஊருக்கு ஓர் ஆள் உண்டா?

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் பொருளாதாரம் படிக்க யார் தயார்? கட்டணத்தில் பங்கேற்க எந்தக் கடைக்காரர் தயார்? வரும் ஜும்ஆ முடிந்ததும் பெயர் கொடுங்கள்.