கொரோமோன் கேட்ட மன்னிப்பு



பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கும்போது நாங்கள் பெரும்பாலும் அடுப்படியில் நின்று அதன் சத்தத்தை மட்டும்தான் கேட்கிறோம். அடிபடுகிறார்கள், கத்துகிறார்கள் என்பதோடு சரி. இம்மாதம் அப்படியான ஒரு தொடரின் ஓர் அங்கத்தைப் பற்றிக் கதைப்போம். அரை மணித்தியாலமும் இல்லை. ஆனால் தாய்மாரும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய கதை.

தொடரின் பெயர் 'டிஜிமோன் அட்வென்சர்'. ஜப்பானின் டோயி அனிமேஷன் நிறுவனம் தயாரித்தது. 1999 மார்ச் முதல் 2000 மார்ச் வரை 54 அங்கங்களாக அந்நாட்டில் ஒளிபரப்பானது. கோடை முகாமுக்குப் போன ஏழு பிள்ளைகள் வேறோர் உலகத்துக்கு இழுபட்டுப் போகிறார்கள். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணை காத்திருக்கிறது. அந்தத் துணைகள்தான் டிஜிமோன்கள். பிள்ளைக்கு ஆபத்து வந்தால் துணை வளர்ந்து பெரிய உருவம் எடுக்கும். ஆபத்து நீங்கியதும் பழையபடி சின்னதாகிவிடும். தாய்ச்சி என்ற பையனின் துணைக்குப் பெயர் அகுமோன். மஞ்சள் நிறத்தில் சின்ன டைனோசர் மாதிரி இருக்கும். சாப்பாட்டில் நல்ல விருப்பம். அது வளர்ந்தால் கிரேமோன். (எல்லாப் பெயரும் 'மோன்' என்றே முடிவதால் முதலில் குழம்பத்தான் செய்யும். பிள்ளைகளைக் கேட்டால் ஒரு மூச்சில் சொல்லித் தருவார்கள்.)

நான் சொல்ல வந்தது 16ஆவது அங்கம். அதற்குச் சற்று முன்னர்தான் தாய்ச்சிக்குத் 'துணிவு' என்ற சின்னம் கிடைத்திருக்கிறது. சின்னம் கையில் இருந்தால் துணை இன்னும் ஒரு படி வளரலாம். எட்டேமோன் என்ற எதிரி பின்னால் துரத்துகிறான். அடுத்ததாக வளர வேண்டியது தன் துணைதான் என்று தாய்ச்சி முடிவு கட்டிவிடுகிறான். அகுமோனுக்குச் சாப்பாட்டைத் திணிக்கிறான். வயிறு முட்டிய பிறகும் விடுகிறானில்லை. அவன் கெட்ட பிள்ளை அல்ல. எல்லோரையும் காப்பாற்றும் பொறுப்புத் தன் தலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறான். அந்த நினைப்போடு, தன்னை நம்பி இருக்கிற ஒன்றின் வாயைத் திறந்து ஊட்டுகிறான்.

பழைய விளையாட்டு மைதானம் ஒன்றில் எட்டேமோனின் பொறியில் எல்லோரும் அகப்படுகிறார்கள். அவன் தன் வசப்படுத்திய இன்னொரு கிரேமோனை ஏவிவிடுகிறான். எங்கள் கிரேமோனுக்கோ வயிற்றுப் பாரத்தில் அசையவே முடியவில்லை. அப்போது தாய்ச்சி ஒரு கணக்குப் போடுகிறான். எனக்கு ஆபத்து வந்தால்தானே இது வளரும்? அப்படியென்றால் ஆபத்தை நானே உண்டாக்குகிறேன். எதிரியின் முன்னால் வேண்டுமென்றே ஓடுகிறான்.

வளர்ச்சி வரத்தான் செய்கிறது. ஆனால் சின்னத்தின் ஒளி கறுத்துவிடுகிறது. தோலும் சதையும் இல்லாமல் எலும்பு மட்டுமான ஓர் உருவம் எழுந்து நிற்கிறது. அதன் முதுகில் ஓர் ஏவுகணை. அதுதான் ஸ்கல்கிரேமோன். எதிரியை வீழ்த்திய பிறகும் அது நிற்கவில்லை. இது நண்பன், இது பகைவன் என்று அதற்குத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளின் துணைகள் வளர்ந்து வந்து மறிக்கின்றன. நேற்றுவரை ஒன்றாகச் சுற்றித் திரிந்தவைதான். எல்லாவற்றையும் தூக்கி எறிகிறது.

பெரும்பாலான கார்ட்டூன்களில் இந்த இடத்தில் நண்பர்கள் ஒன்றுசேர்ந்து வென்றுவிடுவார்கள். இதில் வெல்லவில்லை. மறித்தும் முடியவில்லை, கூப்பிட்டும் கேட்கவில்லை. கடைசியில் அதன் பலம் தானாகத் தீர்ந்துபோகிறது. அது கீழே விழுந்த இடத்தில் கிடப்பது கொரோமோன். அகுமோனுக்கும் முந்திய குழந்தைப் பருவம் அது. கை, கால் ஒன்றும் இல்லாத ஒரு தலை மட்டும்.

அந்தக் குழந்தைதான் மன்னிப்புக் கேட்கிறது.

இந்த இடத்துக்காகத்தான் இந்த அங்கத்தைத் தெரிந்தெடுத்தேன். யார் யாரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு? ஊட்டியவன் ஒருவன், ஏவியவனும் அவனே. உருமாறியதும் அடித்ததும் மற்றது. அடித்ததன் கணக்கு எப்போதும் அடித்தவன் பெயரில்தான் எழுதப்படுகிறது. அவனை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் சனத்துக்குள் சனமாக நின்றுவிடுகிறார்கள். தாய்ச்சி அப்படி ஒளிக்கவில்லை. பிழை உன்னுடையதல்ல, என்னுடையது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறான். தூக்கி எறியப்பட்டவர்களும் கொரோமோனை விட்டுவிட்டுப் போகவில்லை. அடுத்த அங்கத்தில் பாலைவனம் கடக்கும்போதும் அது அவர்களோடுதான் வருகிறது. சண்டையில் மறித்ததைவிட இதுதான் பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

சொன்னதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. தாய்ச்சிக்குப் பிறகும் தடுமாற்றம். இந்த உலகத்தில் செத்தால் உண்மையாகவே செத்ததுதான் என்று விளங்கியதும் அவனுக்குக் கால் கூசுகிறது. தோழி சோரா பிடிபடும்போது எட்டிப் பிடிக்க முடியாமல் நிற்கிறான். 20ஆவது அங்கத்தில்தான், பயம் இருக்கிறதென்று தெரிந்துகொண்டே அவளை மீட்கப் போகிறான். அங்கே அகுமோன் மெட்டல்கிரேமோனாக வளர்கிறது. அதனிடமும் ஏவுகணை உண்டு, நெஞ்சுக்குள். ஆனால் எதிரில் நிற்பது யார் என்று அதற்குத் தெரிகிறது.

பிள்ளைகளோடு பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எலும்புருவம் எழும்பும் காட்சியில் வெடிச்சத்தமும் அலறலும் அதிகம். சத்தத்துக்குத் திடுக்கிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், பெரியவர்களானாலும் சரி, முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். சின்னப் பிள்ளை எழும்பி ஓடினால் மறித்து இருத்த வேண்டாம். கொரோமோன் வரும்போது திரும்பக் கூப்பிடுங்கள், அந்த இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.