பூப்பாத்தியில் வெறும் மண்ணை விடாதீர்கள்



போன வாரம் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, இந்த முட்டிவலியோட இனிமே குந்தி உட்கார்ந்து களை பிடுங்க வேணாம். வாசல் முழுக்க பேவர் பிளாக் போட்டுடலாம். பூச்செடியைத் தொட்டியில வச்சுக்கலாம்." அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும் நான் சம்மதிக்கவில்லை. உங்களில் பலர் வீட்டிலும் இதே பேச்சு நடக்கும் என்பதால், காரணத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் மண் தெரிகிற வாசல் இப்போது நான்கைந்துதான். மழை பெய்தால் தண்ணீர் முழுக்கத் தெருவுக்கு ஓடுகிறது.

முதலில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் பூப்பாத்தி முழுவதும் கோரையும் அருகும் மண்டிவிட்டன. ஆள் கிடைக்கவில்லை. கிளைபோசேட் களைக்கொல்லி வாங்கி வந்து நானே அடித்தேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. சில நாட்களில் புல் காய்ந்தது. என் மனைவி ஆசையாக வளர்த்த முல்லைக்கொடியும் காய்ந்தது. அந்த மருந்து பச்சை இலை எதில் பட்டாலும் வேர் வரை இறங்கும். புல், பூ என்று பிரித்துப் பார்க்காது. அடுத்த மழைக்கு முல்லை துளிர்க்கவில்லை, கோரை துளிர்த்தது. மண்ணுக்குள் உறங்கும் கோரைக்கிழங்கு தப்பித்துக்கொள்கிறது. வீட்டம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகுதான் படித்துப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்திருக்கிறது. பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. நான் வெறுங்கையோடு அடித்திருந்தேன்.

இதற்கு வழி என் கண் முன்னால்தான் இருந்தது. விழுப்புரத்துக்கு வேலைக்குப் போன காலத்தில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ரயில் ஜன்னலில் மல்லாட்டைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே போவேன். நம் ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களுக்கு டி.எம்.வி. என்றுதான் பெயர், அந்த மூன்றெழுத்து திண்டிவனத்தைத்தான் குறிக்கிறது. விதைத்த முதல் ஒன்றரை மாதம் பெண்கள் களைக்கொட்டோடு கொல்லையில் இருப்பார்கள். செடி படர்ந்து மண்ணை மூடிவிட்டால் களை வேலை ஓய்ந்துவிடும். அருகும் கோரையும் நல்ல வெயிலில் செழிப்பவை; மேலே நிழல் விழுந்தால் நோஞ்சானாகிவிடும். இடத்தைக் காலியாக விட்டால் யாராவது வந்து உட்காரத்தான் செய்வார்கள். யார் உட்காரலாம் என்பதை நாம் முடிவு செய்யலாம்.

நான் செய்தது இதுதான். ஆவணியில் அரை அடி ஆழம் கொத்திக் கோரைக்கிழங்கைப் பொறுக்கினேன். இரண்டு வாரம் விட்டு, மீண்டும் முளைத்ததையும் தோண்டி எடுத்தேன். இதைத் தவிர்க்க முடியாது. கிழங்கை உள்ளே விட்டு மேலே எதை நட்டாலும் அது குத்திக்கொண்டு வரும். அருகு ஓடி வரும் ஓரத்தில் செங்கலைப் புதைத்தேன். புரட்டாசியில், வெயில் படும் இடத்தில் பொடுதலை, குழாயடி ஈரத்தில் வல்லாரை, செம்பருத்தி நிழலில் பொன்னாங்கண்ணி என்று ஒரு சாண் இடைவெளியில் கொடித்துண்டுகளை நட்டேன். பூச்செடியின் தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீருக்கும் எருவுக்கும் போட்டி வரும். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை களை எடுத்தே ஆக வேண்டும். இப்போது மாதம் ஒருமுறை, ஸ்டூலில் உட்கார்ந்தபடி கால் மணி நேர வேலை. துவையலுக்கும் கீரைக்கும் கடைக்குப் போவதில்லை.

"பூச்சி பொட்டு அடையுமே?" என்று என் தங்கை கேட்டாள். நியாயமான பயம். பொடுதலையும் வல்லாரையும் தரையோடு படர்பவை. முழங்கால் உயரப் புல்லை விட இது எவ்வளவோ மேல். படியோரம் இரண்டடி மட்டும் சுத்தமாக விட்டிருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. நர்சரிகளில் மஞ்சள் பூ பூக்கும் வெடேலியாவைத் தருவார்கள். பார்க்க நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி போலவே இருக்கும். அது அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. கணுவுக்குக் கணு வேர் விடும். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம் பிடித்தது. புல்லை அடக்கும்தான், ஆனால் அதை அடக்க ஆளில்லை. ஏரி, வாய்க்கால் பக்கம் வீடு உள்ளவர்கள் தயவுசெய்து வைக்காதீர்கள்.

அருகம்புல்லை நான் வெறுக்கவில்லை. பிள்ளையாருக்காக வேலியோரம் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறேன்.

மகளோடு கடைசியில் சமாதானம் ஆகிவிட்டது. கேட்டிலிருந்து படி வரை நடைபாதைக்கு மட்டும் பேவர் பிளாக். மற்றதெல்லாம் மண்ணும் செடியும். புது முல்லை இந்த வருடம் பந்தலைத் தொட்டிருக்கிறது. வாசலுக்குக் கல் போடலாம் என்று நினைப்பவர்கள் அதற்கு முன் ஒருமுறை வீட்டுக்கு வந்து பாருங்கள். புரட்டாசிக்குள் வந்தால் ஆளுக்கு ஒரு கைப்பிடி பொடுதலைக் கொடி தருகிறேன். வரும்போது பழைய மஞ்சப்பை ஒன்று எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்