பயம் இருந்துட்டுப் போகட்டுமே

குழந்தைகள் விளையாடற இடத்துல "பயப்படாதே"ங்கற வார்த்தைக்குத் தடை போட்டா நல்லா இருக்கும். நிஜமாத்தான் சொல்றேன்.

இங்க குர்காவ்ன்ல வாராவாரம் எங்கயாவது பேட்மிண்டன் போட்டி நடக்கும். கேலரியில நம்ம ஊர்க்காரங்களைக் கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம். பிள்ளை சர்வீஸ் போடற நேரத்துல "பயப்படாதடா, பயப்படாத!"ன்னு தமிழ்ல ஒரு குரல் வரும். எதிராளிக்குப் புரியாதுங்கற தைரியம் :-) பக்கத்து சீட்டு இந்திக்காரர் "டர்னா மத்"னு அதையேதான் கத்திக்கிட்டிருப்பார்.

கை வியர்த்து, வயிறு கலங்கி நிக்கிற பிள்ளைக்கு அதுவரைக்கும் ஒரே ஒரு வேலை, ஷட்டிலை அடிக்கணும். நாம கத்தினதும் ரெண்டு வேலை ஆயிடுது, பயத்தையும் விரட்டணும். அது போகலைன்னா 'நமக்கு தைரியம் பத்தாது போல'ங்கற சந்தேகம் இலவச இணைப்பு.

பெரிய ஆளுங்களுக்கு பயமே கிடையாதுன்னு நினைக்கிறோம் பாருங்க, அதுதான் கோளாறு. அபினவ் பிந்த்ராவை எடுத்துக்குங்க. 2004 ஏதென்ஸ்ல தகுதிச் சுற்றுல மூணாவது, ஃபைனல்ல ஏழாவது. அடுத்த முறை, 2008 பெய்ஜிங் ஃபைனல்ல கடைசி குண்டு பாக்கி. அவரும் ஃபின்லாந்தோட ஹென்ரி ஹாக்கினனும் 689.7ல சமமா நிக்கறாங்க. பிந்த்ரா சுட்டது 10.8. ஹாக்கினன் 9.7. ஒருத்தருக்குத் தங்கம், இன்னொருத்தர் வெண்கலத்துக்கு இறங்கிட்டார்.

அந்த பிந்த்ரா தன்னோட பயத்தையும் சந்தேகத்தையும் மறைச்சதே இல்லை. பெய்ஜிங்குக்கு முன்னாடி ஜெர்மனியில நாப்பது அடி உயரக் கம்பத்துல ஏறிப் பயிற்சி எடுத்திருக்கார். துப்பாக்கி சுடறவருக்குக் கம்பம் எதுக்கு? பாதியில நடுக்கம் வரும். அந்த நடுக்கத்தோடயே அடுத்த அடி வைக்கப் பழகணும், அதுக்குத்தான்.

எங்க பக்கத்து மாவட்டம் ஜஜ்ஜர்ல பிறந்த மனு பாக்கரும் அப்படித்தான். 2021ல டோக்கியோவுல பிஸ்டல் மக்கர் பண்ணி, ஃபைனலுக்கே போக முடியலை. 2024 பாரிஸ்ல ரெண்டு வெண்கலம். நடுவுல இருந்த மூணு வருஷம் பயமில்லாமலா போயிருக்கும்?

அப்ப என்னதான் சொல்றது? என் பொண்ணோட கோச் ஒரு வழி வெச்சிருக்கார். சர்வீஸுக்கு முன்னாடி ஒரு மூச்சு, எந்த மூலையில போடணும்னு ஒரு பார்வை, அவ்வளவுதான். மணிக்கட்டு எப்படித் திரும்புதுன்னெல்லாம் யோசிக்கக் கூடாது. மாடிப்படி இறங்கறப்ப ஒவ்வொரு காலையும் கவனிச்சுப் பாருங்க, தடுக்கும். பழகின கைக்கும் அதே கதிதான். அவளுக்கு இன்னமும் கை நடுங்குது. நடுங்கற கையோடதான் சர்வீஸ் போடறா, உள்ளதான் விழுது.

இன்னொண்ணு. பிள்ளைங்க மனசுல சந்தேகம் விழற இடம் கோர்ட்டை விட, திரும்பி வர்ற கார்தான்னு எனக்குத் தோணுது. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த நமக்கு, எதையாவது சாதிச்சுக் காட்டணுங்கற கணக்கு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அந்தக் கணக்கைப் பதினொரு வயசுப் பிள்ளை ராக்கெட் பையில திணிக்கிறது நியாயமே இல்லை. கார் வீடு வந்து சேர்றதுக்குள்ள திருநெல்வேலியிலேர்ந்து தாத்தா போன் பண்ணி "ஜெயிச்சாளா?"ம்பார். எங்க வீட்ல இப்ப அந்த போனை அவகிட்டயே குடுத்துடறோம். மேட்ச் எப்படிப் போச்சுன்னு அவளே தாத்தாவுக்குச் சொல்லட்டும்.