அத்தேனேயில் தனித்திருந்த பவுல்



சொந்தமாகச் சம்பாதிக்கும் நம் பிள்ளைகள் ஐரோப்பிய நகரங்களைத் தனியே சுற்றிப்பார்க்க விரும்பும்போது, "காட்டுமன்னார்கோயில் பிள்ளை, அதுவும் பெண்பிள்ளை, தனியாகவா?" என்று கலங்குகிறோம். தனியே செல்வது தவறன்று என்பதே என் கருத்து.

அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில், சீலாவும் தீமோத்தேயுவும் வந்துசேருமுன் பவுல் அத்தேனே பட்டணத்தில் தனித்திருக்கிறார். அவர் ஒதுங்கியிராமல் நகரைச் சுற்றிவந்து உற்றுநோக்கினார். இன்னாரென்று அறியாத தேவனுக்கென எழுதப்பட்ட பலிபீடம் ஒன்றைக் கண்டார். மார்ஸ் மேடையில் அவர் ஆற்றிய பிரசங்கம் அதிலிருந்தே தொடங்கிற்று.

பிள்ளைகளே, ஒரே ஷெங்கன் விசாவில் 29 நாடுகளுக்குச் செல்லலாம் என்பதற்காக 10 நாளில் 7 நகரங்களை அடுக்காதீர்கள். ரயில் நிலையங்களே நினைவில் நிற்கும். முதல் பயணத்துக்கு இரண்டு மூன்று நகரங்கள் போதும். ஒவ்வொன்றையும் நடந்து பாருங்கள். புதிய ஊருக்குப் பகலிலேயே சென்றுசேருங்கள். தங்குமிடத்தை முன்பதிவு செய்து, முகவரியை வீட்டில் எழுதிக்கொடுங்கள். தனித்திருந்த பவுலும் தம் தோழருக்குச் சொல்லியனுப்பினாரே!

பெற்றோரே, தடுக்காமல் ஜெபித்து அனுப்புங்கள். சிதம்பரம் ரயிலடி வரையே நாம் உடன்செல்ல முடியும். கர்த்தர் அதற்கப்பாலும் உடனிருப்பார்.

ஆமென்.