நாய் எலியைத் தின்றால் எதற்குப் பயப்பட வேண்டும்?



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், எங்க நாய் எலியைப் பிடிச்சுத் தின்னுடுச்சு. வெறிநாய் ஊசி போடணுமா?" நம்மில் பலருக்கும் இதே சந்தேகம் இருப்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

எலியால் வெறிநோய் வருவது மிக மிக அரிது. ஆண்டுதோறும் போடும் ஊசியைத் தவறாமல் போடுங்கள், போதும். பயப்பட வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, எலி தின்ற விஷம். இன்னொன்று, எலி சுமக்கும் கிருமி. இதில் விஷம் நாம் வைத்தது!

கடையில் விற்கும் புரோமடியோலோன் கேக்கைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அதனால் நாயிடம் எளிதில் மாட்டும். நாய்க்கும் உடனே ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு நாள் கழித்துச் சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், கருத்த மலம். ஒரு எலியால் பெரிய நாய்க்கு ஆபத்து குறைவுதான். சிறிய நாய்க்கும், அடிக்கடி எலி தின்னும் காவல் நாய்க்கும் அப்படியில்லை. சீக்கிரம் கொண்டுபோனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். விஷத்தின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

துத்தநாக பாஸ்பைடு என்ற கருப்புத் தூள் இன்னும் கொடியது. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். அந்த நாய் எடுக்கும் வாந்தியின் நெடி நமக்கும் ஆபத்து. கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். உப்புத் தண்ணீர், பால், முட்டை என்று கைவைத்தியம் வேண்டாம்.

அடுத்தது எலிக்காய்ச்சல். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் தண்ணீர் தேங்கும்போது எலியின் சிறுநீரும் அதில் கலக்கும். எலியைத் தின்றாலும், அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் நாய்க்குத் தொற்றலாம். பிறகு நாயின் சிறுநீரிலும் கிருமி வரும். அதை வெறுங்கையால் கழுவும்போது காயம் வழியாக நமக்கும் ஏறும். நாய்க்கு ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். உங்களுக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், "வீட்டில் நாய் இருக்கிறது, எலித் தொல்லையும் உண்டு" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

என் கருத்து இதுதான்: நாய், குழந்தை இருக்கும் வீட்டில் எலி மருந்தே கூடாது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தால் இரண்டு பிஞ்சுகள் போனதை மறக்க முடியுமா? மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பசையை அரசே தடை செய்திருக்கிறது. மற்றவற்றை நாம்தான் நிறுத்த வேண்டும்.

எலிப்பொறி வையுங்கள். இரவில் நாய்த் தட்டில் மீதிச் சோற்றை விடாதீர்கள். அரிசியைத் தகர டின்னில் வையுங்கள். வயலில் எலி என்றால், நம் ஊர் இருளர்கள் வளை பார்த்துப் பிடிப்பார்கள். அதற்கு உரிய கூலி கொடுங்கள். விஷச் செலவும் மிச்சம், அவர்களுக்கும் வருமானம்.

குடோனில், கேன்டீனில் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்களே, உங்கள் இடத்தில் எந்த மருந்து, எந்த மூலையில் வைத்திருக்கிறார்கள் என்று நாளைக்கே விசாரியுங்கள். வாட்ச்மேனிடமும் சொல்லி வையுங்கள். வாயில்லா ஜீவன் கேட்டுத் தெரிந்துகொள்ளாது.

எல்லோரும் நலமுடன் வாழ்க.